இரண்டு விரலுக்கு ஒரே ஊசி

என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏய் வெருகல்" என்றே கூப்பிட்ட என் ஆசை றீற்றா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் முடிந்துவிட்டது. உங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் டிலானி ஒரு சின்ன மின்விளக்கு எரிய விட்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது ஏழு மாதம். ஓம் அக்கா, உங்கள் மகள் பிள்ளைத்தாய்ச்சி. நீங்கள் கண்ணை மூடும்போது அவளுக்கே அது தெரியாது. இந்தச் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்ததாக நான் சொல்லப்போவது நல்ல கதையில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. சாகப் பயமில்லை, மெசினில் நாலு வருடம் கிடந்தவளுக்கு அந்தப் பயம் பாதி விட்டுப்போய்விடும். இது வேறு பயம். நாங்கள் இரண்டு பேரும் செய்த விசர் வேலையால் டிலானிக்கும் அவளின் வயிற்றில் கிடக்கிற பிள்ளைக்கும் ஏதும் வந்துவிட்டதோ என்ற பயம். வியாழக்கிழமை தெரியும். இன்றைக்கு ஞாயிறு. நடுவில் இருக்கிற நாட்களை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகச் சில விஷயங்களைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்கிற அறையில் உங்களுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நீங்கள் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வெருகல் என்ற கிராமத்தில் வயல் செய்கிறவரின் மனைவி. உங்களுக்கு மாதா, எனக்கு முருகன். இரண்டு பேருக்கும் சீனி வருத்தம், இரண்டு பேரின் சிறுநீரகத்தையும் அந்தச் சீனிதான் தின்றது. கிழமைக்கு இரண்டு தரம், நாலு மணித்தியாலம், உடம்பு ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மெசினில் கழுவுப்பட்டு, திரும்ப உள்ளே வரும்.

காலை ஆறு மணி முறைக்கு வெருகலிலிருந்து பஸ் பிடித்து வர ஏலாது. நான் முதல் நாள் பின்னேரமே வந்து ஆஸ்பத்திரி வாங்கில் குந்திக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஏய் வெருகல், நீ என்ன ஆஸ்பத்திரிக்குக் காவலோ? எங்கட வீட்டில நானும் மகளும்தான். வந்து படு" என்றீர்கள். அது கேட்டதுபோல இல்லை, கட்டளை போட்டதுபோல இருந்தது. நானும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

முதல் நாள் தேத்தண்ணி தந்தபோது நான் என் பையிலிருந்து என் கோப்பையை எடுத்தேன். வருத்தக்காரர் வேறு கோப்பை வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நீங்கள் அதைப் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்தீர்கள். "எங்கட கோப்பையில குடிச்சா உன்ர முருகன் கோவிப்பாரோ?" என்றீர்கள். வருத்தம் வந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் அப்படி நடத்தவில்லை அக்கா. அன்றைக்கு நான் குசினிப் பக்கம் திரும்பி நின்று அழுதது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் எனக்கு வேறு என்று ஒன்றும் இல்லை. கோப்பை, துவாய், சீப்பு, தலையணை எல்லாம் பொது. விடிய ஐந்து மணிக்குக் குசினி மேசையில் சீனி பார்க்கிற மெசினும் விரல் குத்துகிற பேனையும் இருக்கும். எழுதுகிற பேனை இல்லை. நுனியில் சின்ன ஊசி வைத்து, மேலே அமத்தினால் விரலில் ஒரு குத்து. முதலில் உங்கள் விரல், பிறகு என் விரல். ஊசியை மாற்றுவதில்லை, அது மழுங்கும் வரைக்கும் ஒரு கிழமை, இரண்டு கிழமை ஓடும். ரத்தம் தொடுகிற தாளை மட்டும்தான் ஆளுக்கொன்று புதிதாகப் போடுவோம். அதுவும் போடாவிட்டால் மெசின் வேலை செய்யாது என்பதற்காகத்தான்.

ஊசியை மாற்றுவோம் என்று ஒரு நாளாவது நான் சொன்னேனா? சொன்னால் கோப்பையைப் பிரித்ததுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா?

கடைசி மாதம் நீங்கள் மாறிப்போனீர்கள். ஒரு விடியற்காலை, "இனி உன்ர பேனையை நீ கொண்டு வா" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. என்ன பிழை செய்தேன், எந்தச் சொல் பிழைத்தது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. அதே கிழமை உங்கள் கதிரையும் மாறியது. அறையின் மூலையில், யன்னலோடு இருக்கிற மெசினுக்குப் போனீர்கள். கேட்டதற்கு, "காத்து வரும் எண்டு நான்தான் கேட்டனான்" என்றீர்கள். அப்படியென்றால் என்னோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எனக்கு ரோசம் வந்தது. ஒரு புதுப் பேனை வாங்கினேன். உங்களோடு அளந்து அளந்து கதைத்தேன்.

இரண்டு கிழமையில் நெஞ்சு நின்று போய்விட்டீர்கள். நான் இன்னும் கோபம் ஆறாமல் இருந்த நேரம். செத்த வீட்டில் எல்லோரும் அழ, நான் உங்கள் காலடியில் நின்று "என்னோட என்ன கோவம் எண்டு சொல்லாமப் போறியளே" என்று கேட்டேன். அதற்குப் பதில் இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா இல்லையெண்டு வராமல் விடாதேங்கோ அன்ரி" என்று டிலானி சொன்னாள். அவளின் புருசன் கட்டாரில் வேலைக்கு, அவள் தனிய. அதனால் நான் முந்திப்போலவே முதல் நாள் பின்னேரம் போய்ப் படுத்து, விடிய எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். தாய்க்குச் சீனி என்றபடியால் அவளையும் கர்ப்பத்தில் சீனி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் நான் என் பேனையை வெருகலில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். "அதுக்கென்ன, அம்மாட பேனை இருக்கு. நானும் அதிலதான் பாக்கிறன்" என்று சொல்லி, முதலில் என் விரலில் குத்தினாள், பிறகு தன் விரலில் குத்தினாள். உங்களோடு இருந்த மாதிரி இருந்தது எனக்கு. அடுத்த இரண்டு முறையும் என் பேனை பையில் இருந்தும், அந்த ஆசைக்காக, அவளிடம் விரலை நீட்டினேன். மூன்று தரம் அக்கா. எண்ணி வைத்திருக்கிறேன்.

பிறகு எங்கள் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருக்கா எடுக்கிற கிருமிப் பரிசோதனை வந்தது. ரத்தம் எடுத்துப் பத்து நாள் கழித்து எங்கள் அறைத் தாதி மிஸ் என்னைத் தனியே பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். வழக்கமாக எங்கள் அறைக்குள்ளேயே உரத்துக் கதைக்கிறவர் கதவைச் சாத்தினார்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. உங்கட ரத்தத்தில ஹெப்படைட்டிஸ் சி எண்ட கிருமிக்கு அடையாளம் காட்டுது. ஈரலைத் தாக்கிற கிருமி. உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனைக்கு கொழும்புக்கு அனுப்பிறம்."

"செங்கமாரியோ மிஸ், கண் மஞ்சளாகிற வருத்தம்?"

"அந்தக் குடும்பம்தான். ஆனா இது சாப்பாட்டால, தண்ணியால வராது. ஒராளின்ர ரத்தத்திலயிருந்து இன்னொராளின்ர ரத்தத்துக்குப் போறது. அதால சில கேள்வி கேக்க வேணும்."

கேட்டார். எத்தனை வருடம் மெசினில் கிடக்கிறீர்கள்? வருடம் கூடக் கூட ஆபத்தும் கூடுமாம். எத்தனை தரம் ரத்தம் ஏற்றியது? கடைசிப் பிள்ளை பிறந்தபோது ஏற்றினார்கள், சண்டைக்காலம், யாருடைய ரத்தம் என்று யாருக்குத் தெரியும். மெசின் தொடங்கிய பிறகும் இரண்டு தரம். வேறு இடத்தில் டயாலிசிஸ் செய்ததா? ஒரு முறை வேறு ஊரில் ஒரு தனியார் இடத்தில் செய்தேன். அங்கே ஒருவரைத் தொட்டுவிட்டு மற்றவரைத் தொடுவதற்கு முன் கையுறை மாற்றினார்களா, ஒரே மருந்துக் குப்பியிலிருந்து இரண்டு பேருக்கு எடுத்தார்களா என்று கேட்டார். நான் அங்கே கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று கிடந்தவள், எனக்கு எப்படித் தெரியும்? பல்லுப் பிடுங்கியது, ஒப்பரேசன், கையில் பச்சை குத்தியது. பச்சை குத்தியிருக்கிறேன், பதினான்கு வயதில் திருவிழாவில், வரிசையில் நின்ற அத்தனை பெட்டைகளுக்கும் ஒரே ஊசி. ஒவ்வொரு கேள்விக்கும் என் உடம்பில் ஒரு வாசல் திறந்து கிடந்தது தெரியவந்தது. இவ்வளவு வாசலோடு இத்தனை வருடம் நான் எப்படி நித்திரை கொண்டேன்?

கடைசியாகக் கேட்டார். "சவர அலகு, விரல் குத்திற பேனை, இப்பிடி ஏதும் ஆரோடையும் சேர்ந்து பாவிச்சனீங்களோ?"

"இல்லை மிஸ்" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். ஓம் என்றால் "ஆரோட?" என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், டிலானியின் பெயரைச் சொல்ல வேண்டும். செத்துப்போனவரின் பெயரை இந்த அழுக்குக்குள் இழுப்பதா என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், படுக்க இருந்த வீடு போய்விடும் என்று பயந்தேன். டிலானி என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன்.

அடுத்த முறை போனபோது என் கதிரையை மாற்றியிருந்தார்கள். மூலையில், யன்னலோடு இருக்கிற மெசின். நீங்கள் கடைசியாகக் கிடந்த அதே இடம். படுத்தபடி பார்த்தால் உள்துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். காற்று ஒன்றும் வரவில்லை அக்கா, அந்த யன்னல் திறக்கவே ஏலாது.

"மிஸ், றீற்றா அக்காவையும் இதாலதானோ இங்க மாத்தினது?"

"மற்றாக்களின்ர கதை நாங்க சொல்ல ஏலாது அம்மா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைச் சரிபார்த்தார். அவர் சொல்லாதது எனக்குக் காதில் விழுந்தது.

வெருகலுக்குப் போய் இவருக்கு மட்டும் சொன்னேன். மனுசன் எழும்பிப் போய் என் கோப்பையைத் தனியே வேறு தட்டில் வைத்தார். டொக்டர் கோப்பையால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, ஒரு பாயில் படுத்தால் வராது என்று சொன்னதை நான் சொன்னேன். "சரி, இருந்தாலும்" என்றார். எதைப் பிரிக்க வேண்டுமோ அதை நாங்கள் பிரிக்கவில்லை, பிரிக்கத் தேவையில்லாததை எல்லோரும் பிரிக்கிறோம். எனக்கு அவரோடு சண்டை பிடிக்கவும் சீவன் இருக்கவில்லை.

அடுத்த விடியல் முறைக்கு டிலானி வீட்டில் எழும்பிக் குசினிக்குப் போனேன். அவள் மேசைக்கு முன்னால் இருந்து உங்கள் பேனையால் விரலைக் குத்திக்கொண்டிருந்தாள். குத்திவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு, "இந்தாங்கோ அன்ரி, உங்கட விரல்" என்று சிரித்தாள். "நான் பாத்திட்டன் பிள்ளை" என்று இன்னொரு பொய் சொன்னேன். அவள் குளிக்கப் போன நேரம் அந்தப் பேனையை எடுத்து என் பைக்குள் போட்டேன். உங்கள் வீட்டில் நாலு வருடம் உப்புத் தின்ற நான் உங்கள் வீட்டிலேயே களவெடுத்தேன். அவள் இனி அதைத் தொடமாட்டாள், நானும் வாய் திறக்கத் தேவையில்லை என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்கள் எல்லோருக்கும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

குத்தின மூன்று தரமும் குத்தினதுதானே. பேனையை ஒளித்தால் அது இல்லையென்று ஆகுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாள் நாளாகக் கிடந்தேன். பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஏறினால் மற்றப் பக்கம் பார்ப்பேன். டிலானி கண் மஞ்சளாக இருக்கிறதோ என்று அவளுக்குத் தெரியாமல் பார்ப்பேன், கர்ப்பத்தில் வருகிற களைப்பைக் கண்டாலும் கிருமிதான் என்று நடுங்குவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, என் கண்ணுக்கு வெளிச்சமும் பேயாகத்தான் இருந்தது.

மிஸ் கதவைச் சாத்திச் சொன்னதிலிருந்து பத்தொன்பதாம் நாள் பின்னேரம் நான் போனபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. டிலானி அந்த வயிற்றோடு கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். உங்கள் அலுமாரியிலிருந்த சேலை எல்லாம் தரையில்.

"என்ன பிள்ளை இது?"

"அம்மாட பேனையைத் துலைச்சிட்டன் அன்ரி. கிழமைக்கணக்காத் தேடுறன். புதுசு ஒண்டு வாங்கினனான், அது எனக்குத் தேவையில்லை. அது அம்மா கடைசியா எனக்கெண்டு பத்திரமா வச்சிட்டுப் போன சாமான்."

"உனக்கெண்டு வச்சவவோ?"

"ஓம். அலுமாரி அடித்தட்டில, சேலைகளுக்குக் கீழ, இந்தப் பைக்குள்ள போட்டு மூண்டு முடிச்சுப் போட்டு வச்சிருந்தவ. பாருங்கோ, பை கிடக்கு, பேனையைக் காணேல்லை" என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

பையை வாங்கினேன். உள்ளே கை விட்டேன். அடியில் நாலாக மடித்த ஒரு கடதாசி. டிலானி அதை மருந்துத் துண்டு என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறாள். அதில் இருந்த கிருமியின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதே மாதிரிக் கடதாசி ஒன்று என் பையிலும் கிடந்தது. மேலே உங்கள் பெயர், நடுவில் கிருமியின் பெயர், பக்கத்தில் "இருக்கிறது" என்று. நீங்கள் சாக மூன்று கிழமைக்கு முந்திய திகதி.

அக்கா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்களையும் மிஸ் கதவைச் சாத்திக் கேட்டிருப்பார். நீங்களும் "இல்லை மிஸ்" என்று சொல்லியிருப்பீர்கள், ஓம் என்றிருந்தால் என்னை அன்றைக்கே கூப்பிட்டிருப்பார்கள். அடுப்பைப் பார்த்து "உன்ர பேனையை நீ கொண்டு வா" என்று சொன்னது கோபமில்லை. பேனையைக் குப்பையில் போட்டால் எங்கள் டவுன் தெருவில் மாடுபோலத் திரிகிற மான்கள் குப்பைப் பையைக் கிளறும், கூட்டுகிறவரின் கையில் குத்தும் என்று பயந்து, முடிச்சுப் போட்டு அலுமாரி அடியில் ஒளித்திருக்கிறீர்கள். ஆபத்தென்று நீங்கள் ஒளித்ததை, தாய் பொக்கிசமாகப் பொத்தி வைத்தது என்று மகள் எடுத்துப் பாவித்திருக்கிறாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் எனக்கோ அவளுக்கோ சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. உங்கள் படத்தைப் பார்த்து வாய்க்குள் ஏசினேன். ஏசின வாயோடு என் பைக்குள் கிடந்த பேனையும் ஞாபகம் வந்தது. பிறகு உங்களை ஏச ஏலாமல் போய்விட்டது.

"பிள்ளை, எழும்பிக் கதிரையில இரு" என்றேன். பேனையை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்தேன். சொன்னேன். நாலு வருடக் குசினி மேசையிலிருந்து தொடங்கி, மூன்று தரம் நான் நீட்டிய விரல் வரைக்கும் சொன்னேன்.

அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அன்ரி?"

"பத்தொன்பது நாள்."

"பத்தொன்பது நாள் எனக்கு முன்னால இருந்து புட்டுச் சாப்பிட்டனீங்கள்."

"ஓம்."

"அம்மாவும் நீங்களும் ஒரே மாதிரி" என்றாள். அந்தச் சொல்லை நீங்கள் உயிரோடு இருந்தபோது அவள் எத்தனை தரம் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "விடிய ஆஸ்பத்திரிக்குப் போவம். அதுக்குப் பிறகு நீங்க இங்க வராதேங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

விடிய ஒரே ஆட்டோவில் போனோம், ஆளுக்கொரு மூலையில். மிஸ்ஸிடம் என் பொய்யைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "இப்பவாவது சொன்னனீங்கள்" என்றார். பிறகு அறைக்குப் போய் மற்ற நோயாளிகளிடம் ஒவ்வொருவராக, ஆராவது வீட்டில் பேனை மாறிப் பாவிக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு பேர் ஓம் என்றார்கள் அக்கா. ஒருவர் தன் தம்பியோடு, மற்றவர் பெண்சாதியோடு. எங்களைப்போல பைத்தியங்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்க எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

டொக்டர் டிலானியோடு நிறைய நேரம் கதைத்தார். மாதக்கணக்காகப் பைக்குள் முடிச்சுப் போட்டுக் கிடந்த ஊசியில் உங்கள் கிருமி உயிரோடு இருந்திருக்கும் என்று நினைக்கவில்லையாம். ஆனால் என் விரலில் குத்திய கையோடு தன் விரலில் குத்தினதுதான் யோசிக்க வேண்டியதாம். பயப்பிடுகிற அளவுக்கு இலகுவாகத் தொற்றுகிற கிருமி இல்லை, இருந்தாலும் பார்க்காமல் ஒன்றும் சொல்ல ஏலாதாம். தாய்க்கு இருந்தால் சில பிள்ளைகளுக்குப் போகலாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் போகாது. இருந்தால் மருந்து இருக்கிறது, ஆனால் பிள்ளை பிறந்த பிறகுதான் தரலாம். ஒவ்வொரு ஆறுதலுக்கும் பின்னால் ஓர் "ஆனால்" இருந்தது. எனக்கு அந்த ஆனால்கள் மட்டும்தான் கேட்டன.

அவளின் முதல் பரிசோதனை சுத்தம். நான் முருகனுக்கு நேர்த்தி வைத்தது வீண்போகவில்லை என்று துள்ளினேன். ஆனால் கிருமி சில வேளை ரத்தத்தில் காட்டக் காலம் எடுக்கும், ஆறு கிழமை கழித்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் போன கிழமை ரத்தம் எடுத்தது. வியாழக்கிழமை பதில்.

என் பரிசோதனையும் கொழும்பிலிருந்து வந்தது. கிருமி இருக்கிறது. மூன்று மாதம் மருந்துக் குளிசை போட வேண்டும், எங்களைப்போல மெசினில் கிடக்கிறவர்களுக்கும் ஏற்ற குளிசையாம், பெரும்பாலும் கிருமி முற்றாகப் போய்விடும் என்கிறார்கள். தொடங்கிவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து உங்களுக்கு வந்ததா, அந்தத் திருவிழா ஊசியா, வேறு ஊர் மெசினா என்று டொக்டரிடம் கேட்டேன். "முந்தின பரிசோதனைகளில இருந்தும் காட்டாமல் விட்டிருக்கலாம். இனி அதைக் கண்டுபிடிக்க ஏலாது அம்மா" என்றார். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு செத்தீர்கள்? என்னால் வந்தது என்றா, என்னைக் கெடுத்துவிட்டேன் என்றா? இதில் எதை நினைத்திருந்தாலும் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

டிலானி சொன்னபடி நான் அதற்குப் பிறகு ஓர்ஸ் ஹில் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியான முறைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், தந்தார்கள். வெருகலிலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்து, இருட்டப் போய்ச் சேர்கிறேன். இவர் பஸ் நிறுத்தத்தில் ரோச் லைட்டோடு நிற்பார். கோப்பையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, அதற்கு நான் மூன்று நாள் சமைக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

நேற்றுக் கைபேசி அடித்தது. டிலானி.

"வியாழக்கிழமை உங்களுக்கு மெசின் நாளோ?" என்றாள்.

"இல்லை பிள்ளை."

"இவர் கட்டாரிலயிருந்து அழுறார். எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு. வாறீங்களா?"

"வாறன்" என்றேன். இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன், உங்கள் பெயரை மாற்றவா என்றும் கேட்டேன். "மாத்தாதேங்கோ. ஒளிச்சது போதும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதனால் வியாழக்கிழமை நான் அவளோடு போகிறேன் அக்கா. மிஸ் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், நான் உள்ளுக்கு இருப்பேன். கடதாசியில் என்ன எழுதியிருந்தாலும் அவளுக்கு விளங்குகிற சொல்லில் நானே வாசித்துச் சொல்வேன். இல்லை என்று வந்தால் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து இரண்டு பேரும் அழுவோம். இருக்கிறது என்று வந்தால், அவள் மருந்து போட்டு முடிக்கும் வரைக்கும், பிள்ளையின் ரத்தமும் சுத்தம் என்று சொல்லும் வரைக்கும், அவள் எத்தனை தரம் துரத்தினாலும் நான் வாசலில் நிற்பேன். நீங்கள் எனக்குச் சொல்லாமல் போனதை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. அவள் என்னை மன்னிப்பாளா என்றும் தெரியாது.

இன்னொன்றும் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். நான் தூக்கினால் பிள்ளைக்கு ஒன்றும் வராது, தாராளமாகத் தூக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் உங்கள் பேரப்பிள்ளை பிறந்தால் நானாகக் கை நீட்ட மாட்டேன். டிலானி என்னைப் பார்த்து "இந்தாங்கோ" என்று சொல்லும் வரைக்கும், எத்தனை மாதமானாலும், கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
வெருகல் யோகம்